இடது பக்கம் எங்கே? ஃபெல்லினிக்கு வந்த பக்கவாதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வலப்பக்க மூளையில் பக்கவாதம் தாக்கியவர்களில் பலருக்கு, இடது பக்கம் என்ற ஒன்றே கவனத்திலிருந்து விழுந்துவிடுகிறது. கண்ணில் பழுது இருக்காது. தட்டில் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு "இன்னும் கொஞ்சம் சாதம் போடு" என்பார்கள்; இடப்பாதியில் போட்டது போட்டபடியே கிடக்கும். இடது பக்கம் நின்று கூப்பிடும் மகனுக்குப் பதில் வராது. "அப்பாவுக்குக் காதும் போயிடுச்சா?" என்று வீட்டார் பயந்துபோவார்கள். "திருநெல்வேலி" என்று பெரிதாக எழுதிக் காட்டினால் "வேலி" என்று படிப்பவர்கள் உண்டு. மருத்துவமனையில் இதை நெக்லெக்ட் என்போம். எழுத்தில் ஒருபக்கப் புறக்கணிப்பு. கீழே சுருக்கமாகப் புறக்கணிப்பு என்றே எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி செய்பவர்களுக்கு, அதாவது அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்குபவர்களுக்கு, இதில் பெரிய தலைவலி, நோயாளி தனக்கு அப்படி ஒரு குறை இருப்பதாகவே ஒப்புக்கொள்ளமாட்டார் என்பதுதான். "எனக்கு எல்லாம் நல்லாத்தானே தெரியுது" என்பார். அதனால் முதலில் குறையைப் புரியவைக்க வேண்டும், புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று ஒரு நம்பிக்கை எங்கள் துறையில் உண்டு. அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் உரசிப் பார்க்க உதவும் நிகழ்வு இது. இந்த நோயாளிக்குத் தன் குறை முழுக்கப் புரிந்திருந்தது. அதை வைத்துக் கேலிப்படம் போடும் அளவுக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் இடது பக்கம் அவருக்குத் திரும்பவில்லை.

நோயாளி

ஃபெடெரிக்கோ ஃபெல்லினி. இத்தாலியத் திரைப்பட இயக்குநர். 1920 ஜனவரி 20 அன்று ஏட்ரியாட்டிக் கடலோர ஊரான ரிமினியில் பிறந்தவர். அவருடைய படங்களைப் பற்றிப் பேச இங்கே அவசியம் இல்லை. இந்த ஆய்வுக்குத் தேவையான விஷயம், அவர் அடிப்படையில் ஒரு கேலிச்சித்திரக்காரர் என்பது. சினிமாவுக்கு வருவதற்கு முன்பே ரோமில் நகைச்சுவைப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், ரோமுக்கு வந்திறங்கிய அமெரிக்கச் சிப்பாய்களின் முகங்களைக் கேலியாக வரைந்து கொடுக்கும் கடை ஒன்றை நண்பர்களோடு நடத்திப் பிழைத்தவர். இயக்குநரான பிறகும் பாத்திரங்கள், உடைகள், கண்ட கனவுகள் என எல்லாவற்றையும் வரைந்துதான் யோசித்தார். அதாவது, வெளியைக் கண்ணாலும் கையாலும் கையாள்வதில் அரை நூற்றாண்டுப் பயிற்சி உள்ள மனிதர். புறக்கணிப்பைச் சோதிக்கும் கருவிகள் பெரும்பாலும் காகிதமும் பேனாவும்தான் என்பதை நினைத்துக்கொண்டால், இது எவ்வளவு அபூர்வமான பொருத்தம் என்று புரியும்.

1993 மார்ச் மாதம் லாஸ் ஏஞ்சலஸ் போய், வாழ்நாள் பணிக்கான சிறப்பு ஆஸ்கர் விருதை வாங்கி வந்தார். ஜூனில் சூரிக் நகர மருத்துவமனையில் கால் ரத்தக்குழாய்க்குச் சிகிச்சை நடந்தது. ஓய்வுக்காகச் சொந்த ஊரான ரிமினிக்குப் போய் கிராண்ட் ஹோட்டலில் தங்கியிருந்தபோது, ஆகஸ்ட் 3 அன்று பக்கவாதம் தாக்கியது. வயது 73. பாதிப்பு வலப்பக்க மூளையில். இடது கையும் காலும் செயலிழந்தன. முதல் சிகிச்சை ரிமினியில். பிறகு மறுவாழ்வுச் சிகிச்சைக்காக ஃபெராரா நகரின் சான் ஜோர்ஜோ மருத்துவமனைக்கு மாற்றினார்கள்.

ஃபெராராவில் எடுத்த பரிசோதனைகளின் அடிப்படையில், அன்னா கன்டகல்லோவும் செர்ஜியோ டெல்லா சாலாவும் 1998இல் கார்டெக்ஸ் என்ற ஆய்விதழில் நீண்ட நிகழ்வு அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். அதில் நோயாளி எஃப்.எஃப். நரம்பியல் உளவியல் படிப்பவர்கள் இன்றும் தேடிப் படிக்கும் அறிக்கை அது.

கோடும் பேனாவும்

புறக்கணிப்புக்கு மிக எளிய சோதனை, கோட்டைப் பாதியாக்குவது. வெள்ளைத் தாளில் நீளமாக ஒரு கிடைக்கோடு. "இதுக்கு நடுவுல ஒரு புள்ளி வைங்க." அவ்வளவுதான். கோளாறு இல்லாதவர்கள் ஏறக்குறைய நடுவில் வைப்பார்கள். உண்மையில் ஒரு மயிரிழை இடது பக்கம் தள்ளி வைப்பதுதான் மனித இயல்பு. இடப்பக்கப் புறக்கணிப்பு உள்ளவர் வலது முனைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார். வைத்துவிட்டு, சரியாக நடுவில் வைத்த திருப்தியோடு நிமிர்ந்து பார்ப்பார். எதிரே உட்கார்ந்து இதைப் பார்ப்பவருக்கு முதல் தடவை நம்ப முடியாது. கோட்டின் இடது பாதியை அவர் பார்க்காமல் இல்லை. தாளைக் கொஞ்சம் நகர்த்தினால் அதே பாதி தெரிகிறது. எங்கே நகர்த்தினாலும் அதில் மீண்டும் ஓர் இடது பக்கம் உருவாகி, அதுவும் காணாமல் போகிறது.

ஃபெல்லினி இந்தத் தாள்களைச் சும்மா விடவில்லை. பாதியாக்கச் சொன்ன கோடுகளின் மேலேயே ஆட்களை வரைந்தார். சலிப்பூட்டும் பரிசோதனையைச் சிரிப்புத் தாளாக மாற்றினார். தன்னுடைய நிலைமையையே கிண்டல் செய்தும் வரைந்தார். இடது பக்கம் எங்கே போயிற்று என்று கேட்கிற மனிதனின் நிலைமை அது. மருத்துவர்களோடு பேசும்போதும் அதே குறும்பு. தன்னிடம் என்ன தவறு நடக்கிறது என்பதை அவரே விளக்குவார்.

ஆனால் சோதனை முடிவுகள் குறும்புக்கு மசியவில்லை. வெளியுலகில் இடது பக்கத்தைத் தவறவிடுவது கடுமையாகவும் விடாப்பிடியாகவும் நீடித்தது. தவறுவோம் என்று தெரிந்தே உட்கார்ந்தார்; உட்கார்ந்தும் தவறினார்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்வைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1988இல் ஜான் மார்ஷலும் பீட்டர் ஹாலிகனும் நேச்சர் இதழில் பி.எஸ். என்ற பெண் நோயாளியைப் பற்றி எழுதினார்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வீடுகளின் படத்தைக் காட்டினார்கள். ஒரு வீட்டின் இடது பக்கத்தில் தீப்பிடித்து எரிகிறது. மற்றது சாதாரண வீடு. இரண்டும் ஒன்றுதான் என்றார் அவர். "சரி, எந்த வீட்டில் குடியிருக்கப் பிடிக்கும்?" என்று கேட்டால், என்ன அசட்டுக் கேள்வி என்று சொல்லிக்கொண்டே பெரும்பாலும் எரியாத வீட்டைக் காட்டினார். அவருடைய மூளையின் ஏதோ ஒரு மட்டத்துக்குத் தீ எட்டியிருக்கிறது, அவருக்கு எட்டவில்லை. ஃபெல்லினிக்கோ அறிவுக்கு எல்லாம் எட்டியிருந்தது. கைக்கும் கண்ணுக்கும் எட்டவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது, கவனமும் அறிதலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை அல்ல என்பது தெளிவாகிறது. சிகிச்சை யோசிப்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

எது கெட்டது, எது கெடவில்லை

புறக்கணிப்பு என்பது ஒரே நோய் அல்ல. குறைந்தபட்சம் மூன்று இடங்களில் அது தனித்தனியாக வரலாம்.

ஒன்று, சொந்த உடம்பு. தலையின் இடது பக்கம் சீவாமல், இடது கன்னம் மழிக்காமல் வருவார்கள். இதைச் சோதிக்கச் சீப்பும் ரேசரும் போதும். இரண்டாவது, உடம்புக்கு வெளியே உள்ள இடம்: மேசை, தாள், அறை, தெரு. இதிலும் கையெட்டும் தூரத்தில் மட்டும் தவறுபவர்கள் இருக்கிறார்கள், தூரத்தில் மட்டும் தவறுபவர்களும் இருக்கிறார்கள். மூன்றாவது, மனதுக்குள் கற்பனை செய்யும் இடம்.

மூன்றாவதை உலகுக்குக் காட்டியதும் இத்தாலிதான். 1978இல் எடோவார்டோ பிசியாக்கும் கிளாவ்டியோ லுட்சாட்டியும் மிலான் நகரத்து நோயாளிகள் இருவரிடம், ஊரின் நடுவே உள்ள துவோமோ சதுக்கத்தை நினைவிலிருந்து விவரிக்கச் சொன்னார்கள். தேவாலயத்தைப் பார்த்தபடி நிற்பதாகக் கற்பனை செய்தபோது, வலது பக்கக் கட்டடங்களை வரிசையாகச் சொன்னார்கள், இடது பக்கத்தை விட்டுவிட்டார்கள். அப்புறம், தேவாலயப் படியில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னால், முன்பு விட்ட கட்டடங்கள் வலது பக்கம் வந்துவிட்டன, அவற்றைச் சொன்னார்கள். முன்பு சொன்னவை காணாமல் போயின. நினைவு முழுதாக இருக்கிறது. அதில் இடப்பாதிக்குள் போகத்தான் வழியில்லை.

ஃபெல்லினிக்கு முதலாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. தன் உடம்பின் இடது பக்கத்தை அவர் மறக்கவில்லை. மனக்கண்ணில் காணும் இடங்களிலும் இடது பக்கம் முழுதாக இருந்தது. குறையை உணராத நிலையும் இல்லை. எஞ்சியது ஒன்றுதான்: வெளியுலகின் இடது பக்கம். அங்கே மட்டும் பாதிப்பு கடுமை. இவ்வளவு தனித்துப் பிரிந்து நிற்கும் நிகழ்வு ஆய்வாளர்களுக்குக் கிடைப்பது அரிது. அந்த அறிக்கை இன்றும் மேற்கோள் காட்டப்படுவதற்குக் காரணம் நோயாளியின் புகழ் மட்டும் அல்ல.

இடைச்செருகலாக ஒன்று. பக்கவாதத்துக்குப் பிறகு வரும் பாதிப்பார்வை இழப்பையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பார்வைப் பாதையில் அடிபட்டு இடப்பக்கப் பார்வை போனவர், போனது தெரிந்து தலையைத் திருப்பிச் சரிக்கட்டிக்கொள்வார்; கொஞ்ச நாளில் அது பழக்கமாகிவிடும். புறக்கணிப்பில் தலையைத் திருப்பத் தோன்றவே தோன்றாது. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. அது கஷ்டமான கூட்டணி.

ஏன் பெரும்பாலும் இடது பக்கமே தொலைகிறது? பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது: இடது மூளை வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது, வலது மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. இடது மூளை அடிபட்டால் வலது மூளை ஈடுகட்டும். வலது மூளை அடிபட்டால் இடப்பக்கத்துக்கு ஆள் இல்லை. இதோடு, அடிபடாத இடது மூளை தடையின்றி வலப்பக்கமாக இழுக்கிறது என்ற விளக்கமும் உண்டு. பல நோயாளிகளின் தலையும் கண்ணும் வலது பக்கமாகத் திரும்பியே இருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த இழுப்பு சந்தேகமே இல்லாமல் புரியும்.

தேடப் பழக்குதல்

1993இல் இந்தப் பிரச்சினைக்கென்று வகுக்கப்பட்ட சிகிச்சை எதுவும் இல்லாமல் இல்லை. 1970களில் நியூயார்க்கில் லெனார்ட் டில்லர், ஜோசப் வைன்பர்க் குழுவினர் கண்ணால் இடது பக்கம் தேடப் பழக்கும் பயிற்சியை உருவாக்கினார்கள். அதில் இருந்து வந்த ஒரு எளிய உத்தியை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறோம். படிக்கும் பக்கத்தின் இடது ஓரத்தில் தடிமனாக ஒரு சிவப்புக் கோடு. "சிவப்புக் கோடு கண்ணில் படும்வரை இடது பக்கம் போங்க, பட்ட பிறகு படிக்க ஆரம்பிங்க." ஒவ்வொரு வரிக்கும் கோட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும். போகப் போகக் கோடு மெலிதாகும், கடைசியில் எடுத்துவிடுவோம்.

இதை ரோமில் லூயிஜி பிட்சாமிலியோ குழுவினர் இன்னும் முறைப்படுத்தி 1992இல் வெளியிட்டார்கள். அகலமான திரையில் தோன்றும் எண்களைத் தேடுவது, படித்து எழுதுவது, புள்ளிகளை இணைத்துள்ள கோட்டுப்படத்தைப் பக்கத்துப் புள்ளிகளில் அப்படியே வரைவது, ஒரு காட்சிப் படத்தைப் பார்த்து விவரிப்பது என்று நான்கு பகுதி. வாரம் ஐந்து நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், எட்டு வாரம்: மொத்தம் 40 அமர்வுகள். முதலில் சிகிச்சையாளர் நிறையத் தூண்டுவார், பிறகு தூண்டுதலைக் குறைத்துக்கொண்டே வருவார். தினசரி வேலைகளிலும் பலன் தெரிந்ததாக அந்தக் குழு காட்டியது. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். தேடல் பயிற்சியின் பழைய குற்றச்சாட்டே, தாளில் மதிப்பெண் ஏறும், வீட்டில் குளியலறை நிலைப்படியில் இடது தோள் இடித்துக்கொண்டே இருக்கும் என்பதுதான்.

இந்தப் பயிற்சி எதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது என்று பாருங்கள். நோயாளி தன் குறையை ஒப்புக்கொண்டு, நினைவு வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே இடது பக்கம் போக வேண்டும். மேலிருந்து கீழே வரும் கட்டளை அது. அந்தக் கணக்கில் ஃபெல்லினியைவிடத் தகுதியான நோயாளி இருக்க முடியாது. குறை தெரியும், அறிவுக்கூர்மை இருக்கிறது, வரைவதில் ஆசை இருக்கிறது. அப்படியிருந்தும், தெரிந்த விஷயம் தானாகக் கண்ணை இடது பக்கம் இழுத்துச் செல்லவில்லை.

என் கணிப்பு இது. "இடது பக்கம் பாருங்க" என்ற அறிவுரையை நோயாளி கேட்டுக்கொள்கிறார், ஒப்புக்கொள்கிறார். ஆனால் கோட்டின் நடுவைத் தேடும் அந்த நொடியில் அவருக்குத் தெரிகிற கோடு முழுக் கோடுதான். எதுவும் குறைவதாகத் தோன்றாத இடத்தில், எதைத் தேடுவது? பொதுவான அறிவு "எனக்கு இடது பக்கம் விட்டுப்போகும்" என்கிறது. அந்த நேரத்துக் காட்சி "இப்போது எதுவும் விட்டுப்போகவில்லை" என்கிறது. காட்சிதான் ஜெயிக்கிறது. கோட்டின் இடது முனையில் ஓர் எழுத்தை எழுதி, "முதலில் அதைப் படிங்க, அப்புறம் நடுவைக் குறிங்க" என்றால் பலருக்குப் பிழை குறைகிறது. அறிவுரை செய்யாததை ஒரு எழுத்து செய்கிறது, ஏனென்றால் அது வெளியே, தாளில், தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் இருக்கிறது.

அதனால் எங்கள் சிகிச்சைப் பிரிவில் உறவினர்கள் கட்டிலருகே நின்று "லெஃப்ட்ல பாருங்கப்பா, லெஃப்ட்ல பாருங்கப்பா" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லிவிடுவேன். அவருக்கு எரிச்சல் வருவதைத் தவிர அதனால் பலன் இல்லை. அதற்குப் பதில் இடது பக்கம் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் தோளைத் தொட்டுப் பேச ஆரம்பிக்கச் சொல்வேன்.

கண்ணாடி மூலம் ஒரு குறுக்கு வழி

ஃபெல்லினியின் அறிக்கை வெளியான அதே 1998இல், பிரான்சின் லியோன் நகரில் ஈவ் ரொசெட்டி குழுவினர் நேச்சரில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அறிவுக்குச் சொல்லிப் புரியவைக்கும் வேலையே இதில் கிடையாது.

நோயாளிக்கு முப்பட்டகக் கண்ணாடி மாட்டுகிறார்கள். பிரிசம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அது காட்சி முழுவதையும் 10 பாகை வலது பக்கம் தள்ளிக் காட்டும். முன்னால் ஒரு புள்ளி. அதை விரலால் வேகமாகத் தொடச் சொல்கிறார்கள். கை புறப்படும் இடம் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்திருக்கும். விரல் போய்ச் சேரும் இடம் மட்டும் தெரியும். முதல் சில தடவை விரல் வலது பக்கம் தவறிப் போகும். பத்துப் பதினைந்து தடவைக்குள் மூளை தன்னையறியாமல் கையை இடது பக்கமாகத் திருத்திக்கொள்ளும், விரல் சரியாகத் தொடும். ஏறக்குறைய 50 தடவை ஆனதும் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். இப்போது தொடச் சொன்னால் விரல் இடது பக்கம் தள்ளிப் போகிறது. திருத்தம் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆச்சரியம் அடுத்துதான்: கையோடு நிற்காமல், கோட்டைப் பாதியாக்குவது, படம் வரைவது, படிப்பது ஆகியவற்றிலும் நோயாளிகள் இடது பக்கத்தை முன்பைவிட அதிகம் கண்டார்கள். இந்த மாற்றம் குறைந்தது இரண்டு மணி நேரம் நீடித்தது. மொத்த வேலையும் சில நிமிடம்தான்.

பிறகு 2002இல் போலோனியாவில் ஃபிரான்செஸ்கா ஃபிராசினெட்டி, எலிசபெத்தா லாதவாஸ் குழுவினர் இதையே தினம் இருமுறை, இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னேற்றம் ஐந்து வாரம் கழித்தும் தெரிந்தது. போலோனியாவும் ஃபெராராவும் ஒரே மண்டலத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஃபெல்லினிக்கு ஒன்பது ஆண்டு தாமதம்.

உடனே எல்லோருக்கும் பிரிசம் வாங்கி மாட்டிவிடலாமா? அவசரம் வேண்டாம். அதற்கப்புறம் நடந்த சமவாய்ப்புச் சோதனைகள், அதாவது நோயாளிகளைக் குலுக்கல் மாதிரி குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் சோதனைகள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பலன் தெரிந்தது. சிலவற்றில், வெறும் கண்ணாடி போட்ட குழுவும் அதே அளவு முன்னேறியது. பக்கவாதம் வந்த முதல் வாரங்களில் புறக்கணிப்பு தானாகவே ஓரளவு குறையும் என்பதால், எது கண்ணாடியால் வந்தது, எது காலத்தால் வந்தது என்று பிரிப்பது கடினம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2021இல் புறக்கணிப்புக்கான மருந்தில்லாச் சிகிச்சைகளைப் பற்றிய 65 சோதனைகளை அலசியது. தேடல் பயிற்சி, பிரிசம், கையசைப்பு, மின்தூண்டல் எல்லாம் அதில் அடக்கம். அன்றாட வாழ்க்கையில் நீடித்த பலன் தருகிறது என்று எதைப் பற்றியும் உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றது. நோயாளிகளுக்குச் சிகிச்சை தரவேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை. எந்த ஒன்றையும் அற்புதம் என்று விற்காதே என்று பொருள்.

மற்ற முறைகளைச் சட்டென்று தொட்டுவிட்டுப் போகிறேன். இடது காதில் குளிர்ந்த நீர் விட்டால் புறக்கணிப்பு சில நிமிடம் மறைகிறது என்று 1985இல் காட்டினார்கள். மூளையில் இடது பக்கம் அழிந்துவிடவில்லை என்பதற்கு அழகான நிரூபணம், சிகிச்சையாக உபயோகமில்லை. கழுத்தின் இடது பின்தசையை அதிரவைப்பதும் அதே ரகம், பலன் கொஞ்சம் கூடுதல் நேரம். இயன் ராபர்ட்சனின் கையசைப்பு முறை வேறு: இடது கையை இடது பக்கத்திலேயே வைத்து அசைத்தால் கவனமும் அங்கே வருகிறது. விரலில் துளி அசைவாவது இருக்க வேண்டும். முழுதும் செயலிழந்த கைக்கு வழியில்லை.

விளைவு

இந்த நிகழ்வுக்கு நீண்டகாலப் பின்தொடர்வு இல்லை. ஃபெல்லினியின் மனைவி, நடிகை ஜூலியெட்டா மசினாவும் அப்போது ரோமில் நோயுற்றிருந்தார். அவருக்கு அருகில் இருக்கவேண்டும் என்று ஃபெல்லினி ரோமில் உம்பெர்ட்டோ முதலாம் மருத்துவமனைக்கு மாறினார். அக்டோபர் 17 அன்று மீண்டும் மயங்கிச் சரிந்தார், கோமாவிலிருந்து எழவில்லை. அக்டோபர் 31 அன்று இறந்தார். முந்தைய நாள் அவர்களுடைய ஐம்பதாவது திருமண நாள். மசினா அடுத்த மார்ச்சில் காலமானார்.

பக்கவாதத்துக்கும் மரணத்துக்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. ஆறு மாதம், ஒரு வருடம் கிடைத்திருந்தால் புறக்கணிப்பு எந்த அளவுக்குக் குறைந்திருக்கும் என்ற கேள்விக்கு இந்த நிகழ்வில் விடையில்லை. ஓவியர்களில் அப்படிக் கிடைத்தவர்கள் உண்டு. ஜெர்மானிய ஓவியர் ஆன்டன் ராடெர்ஷைட் 1967இல் வலப்பக்க மூளைப் பாதிப்புக்குப் பிறகு தொடர்ந்து தன் முகத்தையே வரைந்துவந்தார். முதல் படங்களில் இடப்பாதி வெறுமை, மாதங்கள் போகப் போக அது நிரம்புகிறது. அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது எந்த மதிப்பெண் அட்டவணையையும்விட விளக்கமானது.

இதே நோயாளி இன்று வந்தால்

முதலில் காகிதச் சோதனைகளை மட்டும் நம்பமாட்டேன். கேத்தரின் பெர்ஷெகோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. சாப்பிடுவது, உடுத்துவது, நடக்கும்போது இடிப்பது, பொருளைத் தேடுவது என்று பத்து அன்றாடக் காரியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30; எண் கூடினால் புறக்கணிப்பும் கூடுதல். சிகிச்சையாளர் பார்த்து ஒரு மதிப்பெண் போடுவார். அதே கேள்விகளுக்கு நோயாளியும் தனக்குத்தானே போட்டுக்கொள்வார். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் குறையுணர்வின்மையின் அளவு. சாதாரணமாக வித்தியாசம் பெரிதாக வரும். எஃப்.எஃப். மாதிரி ஒருவருக்கு வித்தியாசம் சின்னது, மொத்தம் பெரிதாக இருக்கும். அப்படி வந்தால், புரியவைக்கும் அமர்வுகளை அன்றே நிறுத்திவிடலாம். அவருக்குப் புரிந்தது போதும். அந்த நேரத்தை வேறு எதற்காவது செலவிடலாம்.

கற்பனையில் இடது பக்கம் முழுதாக இருப்பது அவரிடம் உள்ள பெரிய சொத்து. அதைப் பயன்படுத்துவேன். தாளைத் தொடும் முன் கண்ணை மூடி, வரையப்போகும் படத்தின் இடது ஓரத்தில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லச் சொல்வேன். பிறகு தாளின் இடது விளிம்பில் ஒட்டிய சிவப்பு நாடாவிலிருந்து பேனாவை எடுக்கச் சொல்வேன். முதலில் படத்தின் சட்டகம், அதுவும் இடது கோட்டிலிருந்து, அப்புறம்தான் ஆட்கள். அவருக்கு வரைவதுதான் தொழில், ஆசை, பொழுதுபோக்கு எல்லாம் என்பதால், எண் தேடும் திரைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்காரவைப்பதைவிட இதில் ஒட்டுவார். பிரிசத்தையும் இரண்டு வாரம் கூடவே கொடுத்துப் பார்ப்பேன். செலவு குறைவு, பக்கவிளைவு இல்லாத மாதிரிதான், வேலை செய்தால் லாபம். இரண்டு வாரத்தில் அன்றாடக் காரியங்களில் மாற்றம் தெரியாவிட்டால் கண்ணாடியை அலமாரியில் வைத்துவிடுவேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில்தான் எனக்கு அதிகக் கவலை. குறை தெரிந்த நோயாளியை வீட்டார் சீக்கிரம் நம்பிவிடுவார்கள். "அவருக்கே தெரியுமே, பார்த்துப்பார்" என்பார்கள். மிளகாய்ப்பொடி டப்பா இடது பக்கம் இருந்தால் அது இல்லை என்றுதான் அர்த்தம். கேஸ் அடுப்பில் இடது குமிழ் திறந்தபடியே இருக்கலாம். மாத்திரைப் பெட்டியில் இடது ஓர அறைகள் நிரம்பியபடியே இருக்கும். வண்டி ஓட்டுவது கூடவே கூடாது. மறு பரிசோதனைக்கு முன்னால் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

சாலையைக் கடப்பதைத் தனியாக எழுதிக் கொடுப்பேன். இத்தாலியில் வண்டிகள் வலது பக்கமாகப் போகின்றன. நடைபாதையிலிருந்து இறங்கும் முதல் அடியிலேயே வண்டி இடது பக்கமிருந்து வரும். அங்கே இந்த நோயாளி இறங்கிய உடனேயே ஆபத்து. கூட வருபவரும் சுதாரிப்பாக இருப்பார். நம் ஊரில் முதல் பாதி வலது பக்கமிருந்து வரும் வண்டிகள், அதை அவர் நன்றாகவே சமாளிப்பார். கூட வருபவரும் "பரவாயில்லையே" என்று கையை விட்டுவிடுவார். பாதி சாலை தாண்டிய பிறகுதான் இடது பக்கமிருந்து பேருந்து வரும். அதனால் கையை விடுவதாக இருந்தால் எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறிய பிறகு விடுங்கள், துணைக்கு நடப்பவர் எப்போதும் அவருக்கு இடது பக்கமாக நடங்கள் என்று சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.